கான்ஃபிளிக்ட் வராத மெர்ஜில் பில் எப்படித் தப்பாகும்?

கேள்வி: "அண்ணா, நானும் என்னோட வேலை பார்க்கிற அக்காவும் வேற வேற ஃபைல்லதான் கை வச்சோம். ரெண்டு பேரோட டெஸ்ட்டும் பச்சை. கிட் ஒரு கான்ஃபிளிக்ட்கூடக் காட்டல. ஆனா மெர்ஜ் பண்ணி ஏத்தினதும், க்யூஆர் ஆர்டர்ல 119.90 வெள்ளி வரவேண்டிய பில் 130.69 வெள்ளின்னு வந்துடுச்சு. கிட் இதை எப்படி விட்டுச்சு? தானா கண்டுபிடிக்கிற டூல் எதுவும் கிடையாதா?" (பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டது. சிங்கப்பூர் உணவகங்களுக்கு பில் மென்பொருள் செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றில் இப்போது பயிற்சியில் இருக்கிறார். இரண்டு பிராஞ்சுகளையும், அதாவது இருவரும் தனித்தனியே வேலை செய்த நகல்களையும், எனக்குக் காட்டினார். கிட் என்பது கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் டூல்; பலருடைய மாற்றங்களை அது ஒன்றாகச் சேர்ப்பது மெர்ஜ், எதை எடுப்பது என்று தெரியாமல் நிறுத்துவது கான்ஃபிளிக்ட்.)

தம்பி, கிட்டிடம் நீங்கள் கேட்டது ஒரு கேள்வி, அது பதில் சொன்னது வேறொரு கேள்விக்கு. "சேர்த்த புரோகிராம் சரியாக ஓடுமா?" என்பது உங்கள் கேள்வி. "இருவரும் ஒரே இடத்தை வெவ்வேறு விதமாக மாற்றினார்களா?" என்பது அதற்குத் தெரிந்த ஒரே கேள்வி. அதற்கு "இல்லை" என்று சரியாகவே சொல்லியிருக்கிறது.

தொடங்கும் முன் ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடுகிறேன். இந்தப் பதில் முழுக்க "வரி" என்றால் கோடின் வரி. அரசாங்கத்துக்குப் போவதை ஜிஎஸ்டி என்றே எழுதுகிறேன். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். "வரியைக் கூட்டிட்டேன்" என்று ஒருவர் சொன்னால், பேச்சின் போக்கை வைத்து எதைக் கூட்டினார் என்று நாம் புரிந்துகொள்கிறோம். மெர்ஜ் செய்யும் டூலுக்குக் கிடைப்பது எழுத்து மட்டும். பேச்சின் போக்கு கிடைப்பதில்லை.

கோடை விட்டுவிட்டு ஒரு கல்யாணக் குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் கல்யாணம் என்று ஒரு தாள் தயாராகிறது. அதன் நகல் மாமாவிடம் ஒன்று, சித்தியிடம் ஒன்று. கோயிலில் தேதி கிடைக்காததால் மாமா மேலே உள்ள வரியை மாற்றி, டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் என்று எழுதுகிறார். அதே மாலையில் சித்தி, வெளியூர்க்காரர்களுக்கு வழி தெரியாதே என்று கடைசியில் ஒரு வரி சேர்க்கிறார்: "ஃபேரர் பார்க் எம்ஆர்டியில் இறங்கினால் நடக்கும் தூரம்தான்." இருவரும் தொட்டது வேறு வேறு வரி. கிட் இரண்டையும் சேர்த்து ஒரே தாளாகக் கொடுத்துவிடும். ஒவ்வொரு வரியும் தனித்தனியே நல்ல எண்ணத்தோடு, அவரவர் கையில் இருந்த தாளுக்குச் சரியாகவே எழுதப்பட்டது. சேர்ந்த தாளோ விருந்தாளியைத் தவறான கோயிலுக்கு அனுப்பும். இரண்டுக்கும் இடையே தைப்பூசக் காவடி நடந்துபோகும் தூரம் இருக்கிறது.

கிட் உள்ளே செய்வது இதுதான். இரண்டு பிராஞ்சும் எந்த கமிட்டில் (பதிந்து வைத்த எந்த நிலையில்) பிரிந்தனவோ, அதை மெர்ஜ் பேஸ் என்கிறோம். பேஸோடு உங்கள் பக்கத்தையும், பேஸோடு அக்காவின் பக்கத்தையும் வரி வரியாக ஒப்பிடும். ஒரு இடத்தை ஒருவர் மட்டும் மாற்றியிருந்தால் அந்த மாற்றத்தை எடுத்துக்கொள்ளும். இருவருமே அச்சு அசலாக ஒரே மாற்றத்தைச் செய்திருந்தால் ஒரு தடவை எடுத்துக்கொள்ளும். இருவரும் வெவ்வேறாக மாற்றியிருந்தால் கான்ஃபிளிக்ட் என்று நிறுத்தும். ஃபைலில் இருப்பது பைத்தானா, ஜாவாவா, கல்யாணக் குறிப்பா என்று அது பார்ப்பதில்லை.

இந்த யோசனை மிகப் பழையது. ஜேம்ஸ் ஹண்ட்டும் பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராயும், இரண்டு ஃபைல்களின் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் டிஃப் முறையை விளக்கி அறிக்கை எழுதியது 1976இல். மூன்று ஃபைல்களை ஒப்பிடும் டிஃப்3, 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டைத் தொடங்கியது 2005இல். அதன் மெர்ஜ் பகுதி அதன் பிறகும் நிறைய முன்னேறியிருக்கிறது: 2021இல் வந்த 2.34 பதிப்பிலிருந்து 'ஆர்ட்' என்ற புதிய எஞ்சின்தான் இயல்பாக ஓடுகிறது. வேகம் அதிகம், பெயர் மாறிய ஃபைல்களையும் நன்றாகக் கண்டுபிடிக்கிறது. ஆனால் மேலே சொன்ன விதிகள் அப்படியேதான் இருக்கின்றன.

இப்போது உங்கள் பில். பேஸில் 'தொகை' என்ற ஃபங்ஷன் உணவு விலையோடு 10 விழுக்காடு சேவைக் கட்டணத்தைச் சேர்த்துக் கொடுத்தது. 100 வெள்ளிக்கு 110. அதை வாங்கி 'பில்' ஃபங்ஷன் 9 விழுக்காடு ஜிஎஸ்டி போட்டது, 119.90. அக்கா என்ன செய்தார்? ஜிஎஸ்டி கணக்கு ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று அதை 'தொகை'க்கு உள்ளே கொண்டுபோய், 'பில்'லிலிருந்து எடுத்துவிட்டார். நல்ல மாற்றம். மேசை பில் முன்போலவே 119.90, அவருடைய டெஸ்ட் பச்சை. நீங்களோ போன வாரத்து மெயினிலிருந்து (எல்லோருக்கும் பொதுவான முதன்மைப் பிராஞ்சிலிருந்து) பிராஞ்ச் எடுத்து, க்யூஆர் ஆர்டருக்கு ஒரு புது ஃபைல் எழுதினீர்கள். 'பில்' எப்படிச் செய்கிறதோ அதைப் பார்த்தே, 'தொகை'யை அழைத்து அதன்மேல் 9 விழுக்காடு போட்டீர்கள். உங்கள் பிராஞ்சில் அதுவும் சரி. சேர்ந்தபின், 'தொகை' 119.90 கொடுக்கிறது, உங்கள் கோடு அதன்மேல் இன்னொரு முறை ஜிஎஸ்டி போடுகிறது. 130.69. வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் நூறு வெள்ளி சாப்பாட்டுக்கு 10 வெள்ளி 79 காசு கூடுதல்.

ஓட்டும் முன் கோடைச் சரிபார்க்கும் கம்பைலர் இருந்தாலும் பிடித்திருக்காது. எண்ணைக் கேட்டது, எண் வந்தது. உங்கள் டெஸ்ட்டையும் பார்த்தேன். 'தொகை'யை உண்மையில் அழைக்காமல், அது 110 கொடுப்பதாக மாக் செய்து வைத்திருக்கிறீர்கள். அதனால் மெர்ஜுக்குப் பிறகு மறுபடி ஓட்டியிருந்தாலும் அது பச்சையாகவே வந்திருக்கும். 'தொகை' என்றால் ஜிஎஸ்டி சேராத தொகை என்ற பழைய பொருளை அந்த மாக் உறைய வைத்துவிட்டது. இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

இனி டூல் விஷயம். இதைத் தானாகப் பிடிக்க முடியாதா என்று நிறையப் பேர் யோசித்திருக்கிறார்கள். வரிகளைப் பார்க்காமல் மொழியின் இலக்கணத்தைப் பார்த்து, கோடை மரமாகப் பிரித்துச் சேர்க்கும் டூல்கள் உண்டு. மெர்ஜிராஃப் அப்படி ஒன்று; கிட்டுக்குள்ளேயே பொருத்திக்கொள்ளலாம். வீண் கான்ஃபிளிக்ட்களை இவை நன்றாகக் குறைக்கும். பக்கத்துப் பக்கத்து வரிகளை இருவர் மாற்றினாலே கிட் கான்ஃபிளிக்ட் என்று நிறுத்திவிடும். இருவரும் ஆளுக்கொரு இம்போர்ட் சேர்த்தாலும் அப்படித்தான். அந்த எரிச்சலுக்கு இவை மருந்து. உங்கள் பில்லுக்கு மருந்து இல்லை, ஏனென்றால் அங்கே இலக்கணம் சுத்தமாக இருக்கிறது.

இன்னும் ஆழமாகப் போனவர்களும் உண்டு. 1989இல் சூசன் ஹார்விட்ஸ், ஜான் பிரின்ஸ், தாமஸ் ரெப்ஸ் மூவரும், எந்த மதிப்பு எங்கிருந்து எங்கே பாய்கிறது என்ற சார்பு வரைபடத்தை வைத்து இரண்டு பதிப்புகளைச் சேர்க்கும் முறையை வெளியிட்டார்கள். ஒருவரின் மாற்றம் மற்றவரின் கணக்கில் குறுக்கிடுகிறதா என்று பார்த்து, குறுக்கிடாது என்று நிரூபிக்க முடிந்தால் மட்டும் சேர்க்கும். அழகான வேலை, ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது மிகச் சிறிய, எளிய மொழி. பெரிய மொழிகளில் இது ஏன் கடினம் என்பதற்குக் கணிதத்திலேயே காரணம் இருக்கிறது: ஒரு புரோகிராம் எப்படி நடந்துகொள்ளும் என்ற கேள்விகளில் அற்பமானவற்றைத் தவிர வேறு எதற்கும், எல்லா புரோகிராமுக்கும் பொருந்தும் பொது வழிமுறை இருக்க முடியாது என்று 1953இலேயே ஹென்றி ரைஸ் நிறுவிவிட்டார். ஆகவே எந்த டூலும் சில சமயம் தெரியாமல் விடும், அல்லது ஒன்றுமில்லாததற்கெல்லாம் எச்சரிக்கும்.

இதையெல்லாம் தாண்டி, குறையே இல்லாத டூல் ஒன்று கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது உங்களிடம் என்ன சொல்லும்? "அக்காவின் மாற்றம் உங்கள் க்யூஆர் பில்லின் தொகையை மாற்றுகிறது" என்று சொல்லும். சரி. இப்போது வேறொரு நிலைமையைப் பாருங்கள். ஜிஎஸ்டி இங்கே 2023 ஜனவரி 1இல் 7இலிருந்து 8 விழுக்காடானது, 2024 ஜனவரி 1இல் 9 ஆனது. அந்தச் சமயத்தில் அக்கா விகிதத்தை 8இலிருந்து 9 ஆக்கியிருக்கிறார், நீங்கள் அதே விகிதத்தைப் பயன்படுத்தும் புதுக் கோடு எழுதியிருக்கிறீர்கள் என்றால், அதே டூல் அதே வாக்கியத்தைத்தான் சொல்லும்: "அக்காவின் மாற்றம் உங்கள் பில்லின் தொகையை மாற்றுகிறது." அங்கே அது மாறத்தான் வேண்டும். மாறாவிட்டால்தான் தப்பு. ஒருவருடைய மாற்றம் மற்றவர் கோடுக்குள் பாய்கிறது என்பது இரண்டு இடத்திலும் ஒன்றே. ஒன்று வேண்டியது, மற்றது வேண்டாதது. பிரித்துச் சொல்லும் தகவல் கோடில் எங்கும் இல்லை. அக்கா எதற்காக மாற்றினார், நீங்கள் 'தொகை' என்றால் என்னவென்று நினைத்து எழுதினீர்கள் என்பதில் இருக்கிறது. இப்போதைய ஏஐ உதவியாளர்கள் கமிட் குறிப்பையும் பெயர்களையும் படித்து அதை ஓரளவு ஊகிக்கின்றன, கான்ஃபிளிக்ட் வந்த இடத்தில் உதவியாகவே இருக்கின்றன. ஆனால் கான்ஃபிளிக்டே வராத இடத்தில் அவற்றைக் கூப்பிடப் பெரும்பாலும் தோன்றுவதில்லை. ஊகத்தை வைத்து நான் வாடிக்கையாளரிடம் காசு வாங்க மாட்டேன்.

உங்களுடையதைப் போலச் சத்தமில்லாமல் வரும் தப்புகள் வேறு சிலவும் உண்டு. அவற்றை நீங்கள் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும்.

இருவரும் ஒரே மாற்றத்தைச் செய்தால் கிட் ஒரு தடவை எடுத்துக்கொள்ளும் என்றேனே, அது பெரும்பாலும் நல்லது. ஆனால் ஒரு ஃபைலில் "அடுத்த எண் 12" என்று இருக்கிறது, நீங்கள் ஒரு பதிவைச் சேர்த்து 13 ஆக்குகிறீர்கள், அக்காவும் வேறொரு பதிவைச் சேர்த்து 13 ஆக்குகிறார். மெர்ஜுக்குப் பிறகு 14 என்று இருக்க வேண்டும். கிட் 13 என்று வைத்துவிட்டு, இருவரும் ஒத்துப்போனதாக நினைத்துக்கொள்ளும். டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் ஃபைல்களிலும் இதே கதை. இருவரும் 47 என்று எண் போட்டு, பெயரின் மீதியை வேறாக வைத்தால், கிட்டுக்கு அவை இரண்டு வேறு ஃபைல்கள். பைத்தானில் இணையதளம் செய்ய உதவும் ஜாங்கோ இதைத் தானே கவனித்து மறுக்கும். கையால் எழுதிய ஸ்கிரிப்ட்கள் மறுக்காது.

இன்னொன்று, ஒரு ஃபங்ஷனை அப்படியே நகலெடுத்து மேலே ஒட்டி, கொஞ்சம் கழித்து மாற்றலாம் என்று விட்டுவைப்பது. அதே நேரத்தில் மற்றவர் மூல ஃபங்ஷனில் ஒரு பிழையைத் திருத்துகிறார். இப்போது ஒரே மாதிரி இரண்டு பகுதிகள். எது பழையது, எது நகல் என்று டிஃப்புக்குத் தெரியாது, எழுத்து ஒன்றாகப் பொருந்துகிற ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். திருத்தம் நகலில் போய் உட்கார்ந்துவிடலாம், மூலத்தில் பிழை அப்படியே இருக்கும்.

மூன்றாவது, நானே பட்டது. 2023 டிசம்பர். அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் ஜிஎஸ்டி விகிதத்தை 9 ஆக்கும் கமிட்டை முன்கூட்டியே மெயினில் போட்டோம். அதையே ரிலீஸ் பிராஞ்சிலும் செர்ரி-பிக் செய்தோம், அதாவது அந்த ஒரு மாற்றத்தை மட்டும் எடுத்துப் போட்டோம். இரண்டு நாள் கழித்து, புத்தாண்டுக்கு முன் மெயினிலிருந்து வேறொரு திருத்தம் வெளியே போக வேண்டியிருந்ததால், மெயினில் மட்டும் அந்த மாற்றத்தை ரிவர்ட் செய்தோம், அதாவது திரும்ப எடுத்துவிட்டோம். பிறகு ரிலீஸ் பிராஞ்சை மெயினில் சேர்த்தோம். கான்ஃபிளிக்ட் இல்லை. மெயினில் 9 திரும்பி வந்துவிட்டது. எங்கள் ரிவர்ட்டைக் கிட் மதிக்கவில்லையே என்று முதலில் கோபம் வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும்: பேஸில் 8. மெயினில் போட்டு எடுத்ததால் மறுபடி 8, அதாவது "மாற்றமே இல்லை". ரிலீஸில் 9. ஒருவர் மட்டும் மாற்றியதாகத் தெரிவதால் 9ஐ எடுத்துக்கொள்கிறது. கிட் பார்ப்பது தொடக்கத்தையும் முடிவையும் மட்டும். நடுவில் நாங்கள் யோசித்து, வேண்டாம் என்று முடிவெடுத்த நாள் அதன் கணக்கில் வருவதே இல்லை. கிட் மெர்ஜ் கையேட்டிலேயே, சிலருக்கு இது குழப்பமாக இருக்கும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அன்று மாலை ஒருவர் பில்லை அச்சடித்துப் பார்த்ததால் தப்பித்தோம். இதன் மறுபக்கமும் உண்டு: மெர்ஜையே ரிவர்ட் செய்துவிட்டு அதே பிராஞ்சை மறுபடி சேர்த்தால், பழைய கமிட்கள் திரும்பி வராது. முதலில் ரிவர்ட்டை ரிவர்ட் செய்ய வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்?

இரண்டு பச்சை பிராஞ்சுகளைச் சேர்த்தால் வருவது இதுவரை யாரும் ஓட்டியிராத மூன்றாவது புரோகிராம். அதையும் ஓட்டிப் பார்த்த பிறகே மெயின் நகர வேண்டும். ரஸ்ட் மொழியைத் தொடங்கிய கிரேடன் ஹோர் இந்த விதியை எழுதிவைத்தார்: எல்லா டெஸ்ட்டையும் எப்போதும் தாண்டும் ஒரு களஞ்சியத்தைத் தானாகப் பராமரிக்க வேண்டும். ரஸ்ட் குழுவின் 'போர்ஸ்' அதைத்தான் செய்தது: மெர்ஜ் செய்த பதிப்பை முதலில் தனியாக உருவாக்கும், டெஸ்ட் ஓட்டும், பச்சையானால் அதே பதிப்பை மெயினாக்கும். கிட்ஹப்பில் இது மெர்ஜ் க்யூ, கிட்லேபில் மெர்ஜ் டிரெயின். மூன்று பேர் இருக்கும் உங்கள் குழுவுக்கு அவ்வளவு தேவையில்லை. மெயினோடு ஒத்திசையாத பிராஞ்சை மெர்ஜ் செய்யவிடாதே என்ற ஒரு அமைப்பை இயக்கினாலே போதும். ஆனால் டெஸ்ட் உண்மையான 'தொகை'யை அழைக்காவிட்டால், இதெல்லாம் இருந்தும் பயன் இல்லை என்பதை மேலே பார்த்தோம்.

அதைவிட எனக்குப் பிடித்த பழக்கம் ஒன்று உண்டு, செலவே இல்லாதது: ஒரு ஃபங்ஷனின் பொருள் மாறினால் பெயரையும் மாற்றிவிடுங்கள். அக்கா 'தொகை'யை 'ஜிஎஸ்டி சேர்ந்த தொகை' என்று மாற்றியிருந்தால், மெர்ஜ் அப்போதும் அமைதியாகத்தான் நடந்திருக்கும்; ஆனால் உங்கள் கோடு இல்லாத ஃபங்ஷனை அழைத்து முதல் ஓட்டத்திலேயே விழுந்திருக்கும். சத்தமில்லாத தப்பைச் சத்தமுள்ளதாக்கும் வழி இது. டைப்கள் உள்ள மொழியானால் ஜிஎஸ்டி சேர்ந்த பணம், சேராத பணம் என்று இரண்டு டைப் வைத்துக்கொள்ளலாம், கம்பைலரே நிறுத்திவிடும். பழைய பெயரை வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் பொருளை மாற்றுவது, கடையின் பெயர்ப்பலகையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வேறு வியாபாரம் தொடங்குவதைப் போல.

கான்ஃபிளிக்ட் வரும்போது அதைத் தொல்லையாக நினைக்காதீர்கள். அந்த இடத்திலாவது கிட் உங்களைக் கூப்பிட்டுக் கேட்கிறது. கான்ஃபிளிக்ட் காட்டும் முறையை டிஃப்3 (diff3) அல்லது ஸெட்-டிஃப்3 (zdiff3) என்று வைத்துக்கொண்டால் பேஸில் என்ன இருந்தது என்பதும் தெரியும்; யார் எதை ஏன் மாற்றினார் என்று ஊகிக்க அது பெரிய உதவி. 'ரெரெரே' என்ற வசதி நீங்கள் ஒருமுறை தீர்த்ததை நினைவில் வைத்து அடுத்த முறை தானே தீர்க்கும். தப்பாகத் தீர்த்ததையும் அதே விசுவாசத்தோடு நினைவில் வைத்திருக்கும், அதனால் கவனமாக இருங்கள்.

பிராஞ்ச் எத்தனை நாள் தனியாக இருக்கிறதோ, அத்தனை நாளும் அடுத்தவர் மனதில் 'தொகை'க்கு வேறு பொருள் உருவாக இடம் கொடுக்கிறோம். உங்கள் பிராஞ்ச் ஒன்பது நாள் தனியாக இருந்தது. அந்த ஒன்பது நாளும் நீங்களும் அக்காவும் ஒரே மேசையில் உட்கார்ந்து கோப்பி குடித்திருக்கிறீர்கள். "அக்கா, நான் தொகையைக் கூப்பிடப் போறேன், அதுல ஜிஎஸ்டி இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

இன்று செய்ய வேண்டியது இந்த வரிசையில் இருக்கட்டும். க்யூஆர் ஃபைலில் இரண்டாவது ஜிஎஸ்டியை எடுங்கள். மாக்கை எடுத்துவிட்டு, 100 வெள்ளி சாப்பாடு உள்ளே போனால் 119.90 வெளியே வர வேண்டும் என்று முழு டெஸ்ட் ஒன்று எழுதுங்கள். அக்காவிடம் சொல்லி 'தொகை'யின் பெயரை மாற்றுங்கள். மெர்ஜ் ஆகாமல் காத்திருக்கும் மற்ற பிராஞ்சுகளில் பழைய பெயரைத் தேடுங்கள். விலைப்பட்டியல் பிராஞ்சில் ஓரிடத்தில் இருப்பதைப் பார்த்தேன். பிறகு, ஏற்றிய நேரத்திலிருந்து திருத்தும் நேரம்வரை போன க்யூஆர் பில்களை டேட்டாபேஸிலிருந்து எடுத்து, எந்த மேசைக்கு எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று பட்டியல் போட்டு, உணவகக்காரரிடம் இன்றே கொடுத்துவிடுங்கள்.